கல்பாசி: குழம்புக்கு ஒரு துண்டு, மருந்துக்கு எவ்வளவு?

நாட்டு மருந்துக் கடையில் கல்பாசி ஐம்பது கிராம் கேட்டால் பெரிய பொட்டலமாகத்தான் மடித்துத் தருவார்கள். கையில் வாங்கினால் கனமே தெரியாது. செட்டிநாட்டுச் சமையல் பழகிய வீட்டில்கூட அந்தப் பொட்டலம் மாதக்கணக்கில் வரும். அதையே, சிறுநீரகக் கல் கரையும் என்று யாரோ அனுப்பிய காணொளியைப் பார்த்துவிட்டுப் பொடித்து, காலை ஒரு தேக்கரண்டி, மாலை ஒரு தேக்கரண்டி என்று விழுங்க ஆரம்பித்தால் இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும். சரக்கு ஒன்றுதான். உள்ளே போகும் அளவும், போகும் வடிவமும் வேறு. கல்பாசியைப் பற்றி நடக்கும் வாதங்களில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்த வேறுபாடுதான். ‘இயற்கையானது, ஒன்றும் செய்யாது’ என்பவரும் சரி, ‘பூஞ்சை அது, தொடாதே’ என்பவரும் சரி, எவ்வளவு, எப்படி என்று கேட்பதில்லை.

முதலில் அது என்ன என்று பார்த்துவிடலாம். கல்பாசி பூவும் இல்லை, பாசியும் இல்லை. ஒரு பூஞ்சையும் ஒரு பச்சைப் பாசியும் சேர்ந்து ஒரே உடம்பாக வாழும் லைக்கன் வகை. வடிவத்தையும் ஒட்டிக்கொள்ளும் பிடிப்பையும் பூஞ்சை தருகிறது. வெயிலில் சர்க்கரை செய்யும் வேலை பாசியுடையது. வேர் கிடையாது. நீரையும் தாதுக்களையும் மழையிலிருந்தும் காற்றிலிருந்தும் உடம்பு முழுவதாலும் உறிஞ்சிக்கொள்ளும். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். கொல்லிமலை, ஏற்காடு, கொடைக்கானல், நீலகிரி என்று ஈரக்காற்று உள்ள மலைகளில் பாறையிலும் மரப்பட்டையிலும் காணலாம். ஆனால் சந்தைக்கு வருவதில் பெரும்பங்கு இமயமலைப் பக்கத்துச் சரக்கு. உத்தராகண்டில் கருவாலி (ஓக்) மரங்களிலிருந்து உரித்துச் சேர்த்து, ராம்நகர், தனக்பூர் மண்டிகளில் ‘ஜூலா’ என்ற பெயரில் விற்கிறார்கள். மராட்டிக்காரர் கோடா மசாலாவில் போடும் தகட் பூலும், கன்னோஜில் ஹினா அத்தருக்குள் போகும் சரீலாவும், ஆயுர்வேதம் சைலேயம் என்று சொல்வதும் இந்தச் சரக்குதான்.

பொட்டலத்தில் இருப்பது யார்?

புத்தகத்தில் கல்பாசிக்குத் தாவரவியல் பெயர் பார்மோட்ரீமா பெர்லேட்டம் என்று இருக்கும். பழைய புத்தகமாக இருந்தால் பார்மேலியா பெர்லேட்டா. பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டினால் அந்த ஒன்று மட்டும் இருப்பது அபூர்வம். மலையில் சேகரிப்பவர் இனம் பார்த்துப் பறிப்பதில்லை, ஒரு கிளையில் இருப்பதை மொத்தமாக உரிக்கிறார். அதனால் நாலைந்து இனங்கள் கலந்தேதான் வரும். லக்னோவில் உள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிலையத்தின் லைக்கன் ஆய்வாளர்கள் சந்தை மாதிரிகளைப் பிரித்துப் பார்த்துப் பலமுறை இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். சமையலுக்கு இது பெரிய பிரச்சினை இல்லை, எல்லாமே ஏறக்குறைய ஒரே வாசனைதான் தரும். மருந்தாகக் கிராம் கணக்கில் சாப்பிடுபவருக்கு மட்டும் பிரச்சினை. ஒவ்வோர் இனத்திலும் உள்ள அமிலங்கள் வேறு, அவற்றின் அளவும் வேறு.

வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளில் பரப்பிப் பாருங்கள். உண்மையான கல்பாசித் துண்டின் மேல்புறம் சாம்பலும் வெளிர்பச்சையும் கலந்திருக்கும், அடிப்புறம் கருப்பு. ஓரங்கள் சுருண்டு அலையாக நிற்கும். அந்த ஓரத்தில் மாவு தூவியதுபோல வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கும். அதைப் பூஞ்சணம் என்று நினைத்துக் கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. அது லைக்கன் தன் இனத்தைப் பரப்ப உண்டாக்கும் துகள். விரலால் தேய்த்தால் உலர்ந்த மாவாக வரும். நிஜப் பூஞ்சணம் ஓரத்தோடு நிற்காது. சிலந்திவலைபோல நூல்நூலாக மேலும் கீழும் படரும், மக்கிய நாற்றம் அடிக்கும். அந்தப் பொட்டலத்தைக் கழுவிக் காயவைத்துப் பயன்படுத்தலாம் என்று பார்க்காமல் மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிடுங்கள். சில பூஞ்சணங்கள் விடும் நஞ்சு வெயிலுக்கும் சமையல் சூட்டுக்கும் முழுதாக அழியாது.

மேல்புறம் உப்புத்தாள்போலச் சொரசொரவென்று, நுண்ணிய முளைகள் நிறைந்திருந்தால் அது பார்மோட்ரீமா டிங்க்டோரம். மேல்தோலில் வலைப்பின்னலாக மெல்லிய வெள்ளை வெடிப்புகள் ஓடினால் ரெட்டிகுலேட்டம். முதல் சந்தேகத்தைத் தீர்க்க ஒரு சுலபமான வழி உண்டு. மேல்தோலை நகத்தால் சுரண்டினால் உள்ளே வெள்ளைச் சதை தெரியும். அதில் வீட்டில் துணி வெளுக்கும் திரவம் ஒரு சொட்டு விடுங்கள். சட்டென்று சிவந்தால் டிங்க்டோரம். அதிலுள்ள லெக்கனோரிக் அமிலம் காட்டும் நிறம் அது. பெர்லேட்டம் சிவக்காது. சோதித்த துண்டு குப்பைக்கு.

கட்டாயம் பொறுக்கி எடுக்க வேண்டியது ஒன்று உண்டு: இலையாக இல்லாமல் நார்நாராக, மஞ்சள் கலந்த பச்சையில் இருக்கும் இழைகள். நீலகிரிச் சோலைகளில் மரக்கிளைகளிலிருந்து தாடியாகத் தொங்குமே, அந்த உஸ்னியா. தடித்த ஓர் இழையைத் தண்ணீரில் நனைத்து இரு முனையையும் மெல்ல இழுங்கள். மேல்தோல் வெடித்து விலகும். நடுவில் வெள்ளை நரம்பொன்று ரப்பர்போல நீளும். நரம்பு இருந்தால் உஸ்னியாதான். அதைத் தனியாக வைக்கச் சொல்வது ஏன் என்பது பின்னால் வருகிறது.

தண்ணீருக்கு ஒன்று, எண்ணெய்க்கு ஒன்று

லைக்கனில் இரண்டு கூட்டங்கள் இருக்கின்றன. ஒன்று, கொழகொழப்புத் தரும் மாவுச்சத்துப் போன்ற பொருள்கள். இவை சுடுதண்ணீரில் இறங்கும். தொண்டைக்கு இதமளிப்பவை, குடலின் உள்சுவரில் பூச்சாகப் படிபவை இவைதான். இன்னொன்று லைக்கன் அமிலங்கள். கல்பாசியில் அட்ரனோரின், ஸ்டிக்டிக் அமிலம், அதன் உறவுகள். கசப்பு, கிருமிகளைத் தடுக்கும் குணம், ஒவ்வாமை, நஞ்சு எல்லாம் இந்தப் பக்கம். இவை தண்ணீரில் மிகக் கொஞ்சமாகத்தான் கரையும். எண்ணெயிலும் சாராயத்திலும் நன்றாக இறங்கும்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி விஷயம் விளங்கிவிடும். கல்பாசியைக் கொதிக்கவைத்து வடிகட்டிக் குடிப்பவருக்குப் போவது முதல் கூட்டம்தான், அமிலம் சொற்பம். எண்ணெயில் காய்ச்சித் தேய்ப்பவருக்குத் தோலில் போவது இரண்டாம் கூட்டம். பொடியாக விழுங்குபவருக்கு இரண்டும் முழுசாக, கூடவே அந்தத் துண்டு மலையில் இருந்தபோது உறிஞ்சிய ஈயமும் தூசியும். ‘கல்பாசி மருந்து எடுத்தேன்’ என்று மூவரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்.

சமையலறையில் நடப்பதையும் இதே கணக்கு விளக்கும். கல்பாசி பச்சையாக இருக்கும்போது ஏறக்குறைய வாசனையே கிடையாது. சூடான எண்ணெயில் விழுந்ததும் அட்ரனோரின் போன்றவை உடைந்து, புகையும் ஈரமண்ணும் கலந்த மணம் எழும்பும். ஐரோப்பிய வாசனைத் திரவியங்களில் ஓக்மாஸ் என்ற லைக்கன் தரும் அடிவாசனைக்கும் இதே குடும்பத்துப் பொருள்கள்தான் காரணம். தண்ணீரில் கரையாதவை என்பதால், கழுவினால் வாசனை போய்விடும் என்ற பயம் வேண்டாம். கழுவத்தான் வேண்டும். அடிப்புறத்துக் கருப்பு வேரிழைகளில் மணல், மரப்பட்டைச் செதில், சின்னப் பூச்சிகள் எல்லாம் மாட்டியிருக்கும்.

கையால் பிரித்து, பட்டையோடு ஒட்டிய அடிப்பாகத்தைக் கிள்ளி எறியுங்கள். அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு இரண்டு மூன்று முறை அலசி, மணல் அடியில் தங்கவிட்டு மேலிருந்து அள்ளுங்கள். ஊறவிட வேண்டாம், லைக்கன் நொடியில் தண்ணீர் குடித்துத் தோல்போல மெத்தென்று ஆகிவிடும், பிறகு காய்வது தாமதமாகும். துணியில் பரப்பி, மடித்தால் பட்டென்று ஒடியும் பதம் வரை காயவைத்துப் புட்டியில் அடையுங்கள். ஒடியாமல் வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, அப்படியே மூடினால் பூஞ்சணம் நிச்சயம். முழுத் துண்டாக வைத்தால் வாசனை நிற்கும். பொடித்து வைத்தால் சில வாரங்களில் போய்விடும்.

தாளிக்கும்போது பட்டை, கிராம்பு பொரிந்த பிறகு கடைசியாகக் கல்பாசியைப் போட்டுப் பத்துப் பதினைந்து விநாடியில் வெங்காயத்தைக் கொட்ட வேண்டும். தாள் கனம்தான் என்பதால் கண்மூடித் திறப்பதற்குள் கருகும். கருகினால் குழம்பு முழுக்கக் காறும். மசாலாவுக்கு வறுப்பதென்றால் மல்லி, மிளகு எல்லாம் வறுத்து அடுப்பை அணைத்துவிட்டு, சட்டியின் சூட்டிலேயே புரட்டினால் போதும். ஒரு கிலோ கறிக்கு ஒன்றரை கிராமிலிருந்து இரண்டு கிராம், அதாவது கட்டைவிரல் அகலத் துண்டுகள் நாலைந்து. ஆறு பேர் சாப்பிட்டால் தலைக்குக் கால் கிராமைச் சுற்றித்தான் வரும், அதிலும் பலர் துண்டை ஓரமாக ஒதுக்கிவிடுவார்கள். தலைமுறை தலைமுறையாகக் கல்பாசி சாப்பிட்டு வருகிறோமே என்று சொல்லும்போது நாம் சாட்சிக்கு அழைப்பது இந்தக் கால் கிராமைத்தான். அதுவும் தினமும் இல்லை.

மருந்துப் பெட்டியில்

ஆயுர்வேத மருந்தியல் நூலில் சைலேயத்துக்குப் பொடியாக ஒன்று முதல் மூன்று கிராம் வரை அளவு சொல்லப்பட்டிருக்கிறது. துவர்ப்பு, கைப்பு, குளிர்ச்சி என்று குணம். நீர்க்கடுப்பு, கல்லடைப்பு, அரிப்பு, தோல் நோய், வாந்தி என்று பயன்கள். வைத்தியர் இதைத் தனியாகக் கொடுப்பதைவிடக் கூட்டுச் சரக்கில் ஒன்றாகச் சேர்ப்பதே வழக்கம். நாராயண தைலத்தில் தேவதாரு, சடாமாஞ்சில், சந்தனம் இவற்றோடு சைலேயமும் உண்டு. அங்கே அது முப்பதுக்கு அருகில் உள்ள சரக்குகளில் ஒன்று, அதுவும் வெளிப்பூச்சு. ஒற்றைச் சரக்காக, கிராம் கணக்கில், மாதக்கணக்கில் விழுங்குவதற்கு மரபில் அவ்வளவு ஆதாரம் கிடையாது. மரபின் பெயரால் விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

நவீன ஆய்வுகள்? கிருமிகள் வளர்ந்த தட்டில் சாற்றை விட்டுப் பார்த்தவை, எலிகளுக்கு வயிற்றுப்புண் உண்டாக்கிச் சாறு கொடுத்தவை, எலிகளின் சர்க்கரை அளவைப் பார்த்தவை என்று நிறைய உண்டு. பெரும்பாலும் சாராயத்தில் பிரித்த சாறு. வீட்டுக் கஷாயத்தில் அந்தச் சாறு இருக்காது என்பது மேலே சொன்ன கணக்கிலேயே தெரியும். ‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்ற வரியைப் பார்த்தால் கேட்க வேண்டியது: எதில் பிரித்த சாறு, யாருக்குக் கொடுத்தது?

சிறுநீரகக் கல்லுக்கு வருவோம். இந்த நம்பிக்கையில் இரண்டு சரக்குகள் குழம்பிக் கிடக்கின்றன. சிலாபுஷ்பம், அதாவது கல்பூ, என்ற பெயரில் கல்லடைப்பு மருந்துகளில் சேர்வது டிடிமோகார்பஸ் பெடிசெல்லேட்டா என்னும் பூக்கும் செடி. கல்பாசியையும் ‘கல்பூ’ என்பதால் அந்தச் செடிக்கு எழுதியதை இதன்மேல் ஏற்றி விற்கிறார்கள். இன்னொரு பக்கம் கன்மதத்தோடும் குழப்பம் உண்டு. அது பாறையில் கசியும் பிசின், முற்றிலும் வேறு. பழைய மூலிகைக் குறிப்புகளில் கல்பாசிக்கு உண்மையிலேயே சொல்லியிருப்பது பற்று: வேகவைத்து அரைத்து, இளஞ்சூட்டில் இடுப்பிலும் அடிவயிற்றிலும் போட்டால் நீர் இறங்கும் என்பது. சூடு பட்டால் தசைப் பிடிப்பு தளரும், வலி குறையும். எங்கள் அபிப்பிராயத்தில் அதில் பெரும்பங்கு சூட்டுக்குச் சேர வேண்டியது, வெந்நீர்ப் பையும் அதைச் செய்யும். கல்லைக் கரைப்பது வேறு விஷயம். விலாவில் வலியோடு குளிர்காய்ச்சல் வந்தால், சிறுநீர் நின்றுபோனால், ஒரே சிறுநீரகம் உள்ளவருக்கு வலி வந்தால் பற்றும் கஷாயமும் வேண்டாம், அன்றைக்கே மருத்துவமனை. அடைபட்ட நீரில் கிருமி சேர்ந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து.

பற்றுப் போட்டே ஆக வேண்டும் என்பவருக்கு: அலசிய கல்பாசி பத்து கிராமை முழுகும் அளவு தண்ணீரில் இருபது நிமிடம் வேகவையுங்கள். நைசாக அரைத்து, மெல்லிய துணியில் பரப்பி, துணிதான் தோலில் படும்படி வையுங்கள். உள்மணிக்கட்டில் வைத்துப் பார்த்துச் சூடு பொறுக்கிறதா என்று சோதியுங்கள். இருபது நிமிடம் போதும். சர்க்கரை நோயால் உணர்ச்சி மங்கியவர்களுக்குப் போடவே வேண்டாம், கொப்பளம் கிளம்பும் வரை அவர்களுக்குத் தெரியாது.

தோல் ஒவ்வாமை நிஜமான ஆபத்து. ஐரோப்பாவில் மரம் வெட்டுபவர்களுக்கும் லைக்கன் பறிப்பவர்களுக்கும் கையிலும் முகத்திலும் வரும் அரிப்புப் புண்ணுக்கு அட்ரனோரின், உஸ்னிக் அமிலம் ஆகியவை காரணம் என்று வெகுகாலமாகத் தெரியும். அட்ரனோரின் உடைந்து வரும் அட்ரனால் அதைவிடத் தீவிரம். ஓக்மாஸ் வாசனைத் திரவியங்களில் அது இருந்ததால், ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் அழகுப் பொருள்களில் அட்ரனாலையும் குளோரோஅட்ரனாலையும் தடை செய்தது. 2021-க்குள் கடைகளிலிருந்தே அகற்றச் சொன்னது. இந்த இடத்தில் முடிவளர்ச்சிக்குத் தேங்காயெண்ணெயில் கல்பாசி காய்ச்சும் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். அமிலங்களை இறக்க எண்ணெயைவிட நல்ல வழி இல்லை, சூடு அவற்றை உடைக்கவும் செய்கிறது. எல்லோருக்கும் அரிக்காது. அரிக்கத் தொடங்கியவருக்கு வாழ்நாள் முழுக்க அந்த ஒவ்வாமை நிற்கும். அதனால் முழங்கை மடிப்பில் ஒரு ரூபாய் அளவு இடத்தில் காலையும் மாலையும் ஐந்து நாள் தடவிப் பார்த்துவிட்டுத் தலைக்குப் போங்கள். ஒரு நாள் பார்த்தால் போதாது. இந்த வகை ஒவ்வாமை இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தலைகாட்டும்.

தலைவலிக்குப் புகை போடுவது, பொடியை மூக்கில் உறிஞ்சுவது என்பவையும் பழைய குறிப்புகளில் உண்டு. இழுப்பு உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் இரண்டுமே கூடாது.

கஷாயம் மட்டும்தான் ஓரளவு மனம் ஒப்பிச் சொல்லக்கூடியது. அலசிய கல்பாசி ஒரு கிராம், தண்ணீர் 200 மில்லி, சிறு தீயில் பத்து நிமிடம், மெல்லிய துணியில் வடித்து இளஞ்சூட்டில். வறட்டு இருமல், தொண்டைக் கரகரப்பு இவற்றுக்கு இரண்டு மூன்று நாள். கொழகொழப்பு ஒரு பூச்சாக நிற்கும், அவ்வளவுதான் அதனிடம் எதிர்பார்க்கலாம். ஒரு வாரத்தில் தீராத இருமலுக்குக் கல்பாசியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். இரண்டு வாரம் தாண்டினால் சளிப் பரிசோதனையும் உண்டு.

ஐஸ்லாந்துக்காரர் செய்வது

லைக்கனை மருந்தாக எப்படிக் கையாளலாம் என்பதற்கு நல்ல முன்மாதிரி வடக்கே இருக்கிறது. ஐஸ்லாந்துப் பாசி என்று விற்கப்படும் செட்ராரியா ஐஸ்லாண்டிகா. தரையில் வளரும், பழுப்பு நிறம், வாய்க்கால்போல மடிந்த கிளைகள், ஓரத்தில் குட்டிக் குட்டி முட்கள். அந்த ஊரில் அதற்கு மலைப்புல் என்று பெயர். அடுத்தவர் நிலத்தில் அதைப் பறிக்கக் கூடாதென்று 13-ஆம் நூற்றாண்டின் யோன்ஸ்போக் சட்டத் தொகுப்பிலேயே விதி இருக்கிறது, அவ்வளவு மதிப்பு. கோடையில் ஈரமான நாளாகப் பார்த்துப் பறிக்கப் போவார்கள். காய்ந்த லைக்கன் நொறுங்கும், கையையும் குத்தும். பாலில் காய்ச்சிக் குடிப்பது, ரொட்டி மாவில் சேர்ப்பது, இருமலுக்குக் கஷாயம் வைப்பது எல்லாம் உண்டு.

கவனிக்க வேண்டியது அவர்களும் அண்டை நாட்டவரும் கசப்பை எடுத்த விதம். பஞ்ச காலங்களில் வட ஐரோப்பாவில் லைக்கன் மாவு கலந்து ரொட்டி சுட்டபோது முதலில் சாம்பல் கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு அலசுவார்கள். வெறும் தண்ணீரில் கரையாத அமிலங்கள் சாம்பல் நீரின் காரத்தில் கரைந்து வெளியேறும். சரியாக ஊறவைக்காமல் சாப்பிட்டவர்களுக்கு வயிறு கெட்டது. பசி தூண்ட வேண்டுமென்றால் மட்டும் கசப்பை விட்டுவைத்தார்கள். ஒரே லைக்கன், தொண்டைக்கு வேண்டியது ஒரு பக்குவம், பசிக்கு வேறொரு பக்குவம்.

ஐரோப்பிய மருந்து முகமை இதை ஏற்றிருப்பதும் இந்த இரண்டுக்கு மட்டும்தான்: தொண்டை எரிச்சலோடு வரும் வறட்டு இருமல், தற்காலிகப் பசியின்மை. அதுவும் நீண்டகாலப் பழக்கம் என்ற அடிப்படையில். மூலிகை மருந்துகளை மதிப்பிட்ட ஜெர்மனியின் ‘ஈ’ ஆணையம் சொன்ன அளவு நாளுக்கு நான்கு முதல் ஆறு கிராம். கோப்பைக்கு ஒன்றரை கிராம் வீதம் மூன்று நான்கு கோப்பை. மருந்து நூலில் தரச் சோதனையும் உண்டு: தண்ணீரில் எத்தனை மடங்கு உப்புகிறது, கொதிக்கவைத்து ஆறவிட்டால் கூழாக உறைகிறதா என்று பார்ப்பார்கள். கொழகொழப்பு மற்ற மாத்திரைகள் குடலில் ஏறுவதைத் தாமதப்படுத்தலாம் என்பதால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் இடைவெளி விடச் சொல்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் பரிந்துரைப்பதில்லை. 19-ஆம் நூற்றாண்டில் காசநோய்க்கு இதை அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள். இன்றைக்கு யாரும் அப்படிச் சொல்வதில்லை. நம் கல்பாசிக்கு இப்படி இனம், அளவு, பக்குவம், எச்சரிக்கை எல்லாம் ஒரே தாளில் வரும் நாள் வரை சமையல் அளவைத் தாண்டும் ஒவ்வொரு கிராமும் அவரவர் பொறுப்பு.

தாடி லைக்கனும் கல்லீரலும்

இப்போது ஒதுக்கி வைத்த உஸ்னியா. அதன் மஞ்சள் பச்சைக்குக் காரணம் உஸ்னிக் அமிலம். 1844-லேயே பிரித்தெடுத்துவிட்டார்கள். கிருமிகளை அடக்கும் வல்லமை உண்மையானது. காயத்துக்கான பூச்சுகளில் ஐரோப்பாவில் சேர்த்திருக்கிறார்கள். உள்ளுக்குள் போனால் கதை வேறு. கல்லீரல் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் எரிபொருள் எரியும், ஆனால் ஆற்றலாகச் சேமிக்கப்படாமல் வெறும் சூடாக வீணாகும்படி செய்துவிடும். உடம்பு எரிபொருளை வீணடிப்பதால் எடை குறையும் என்ற கணக்கில்தான் அதை மெலிவதற்கான மாத்திரையாக விற்றார்கள். விலை கொடுத்தது கல்லீரல். லிப்போகைனெடிக்ஸ் என்ற மாத்திரையில் மற்றவற்றோடு சோடியம் உஸ்னியேட் 100 மில்லிகிராம் இருந்தது. கல்லீரல் பாதிப்புகள் வந்து குவிந்ததால் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2001 நவம்பரில் எச்சரிக்கை விடுத்தது. அது பல சரக்குகள் கலந்த மாத்திரை, எது காரணமோ என்று வாதிட இடமிருந்தது. பிறகு தனி உஸ்னிக் அமிலத்தை நாளுக்கு 500 மில்லிகிராம் இரண்டு வாரம் எடுத்த ஒரு பெண்ணுக்கும் கல்லீரல் செயலிழந்த செய்தி 2004-ல் மருத்துவ இதழில் வந்தது.

உஸ்னியாவில் பொதுவாக ஒன்று முதல் மூன்று சதவீதம் இந்த அமிலம் இருக்கும். இரண்டு சதவீதம் என்று வைத்தால், நாளுக்கு ஆறு கிராம் பொடி விழுங்குபவருக்கு 120 மில்லிகிராம் போகிறது. 500-ஐவிடக் குறைவுதான். ஆனால் எவ்வளவு வரை பத்திரம் என்று யாரும் கோடு போட்டுத் தரவில்லை. பாதிக்கப்பட்டவர்களில் சிலருக்கு வாரக்கணக்கிலேயே நடந்திருக்கிறது. தண்ணீரில் போட்ட தேநீரில் இறங்குவது சொற்பம். சாராயத்தில் ஊறிய டிங்சரிலும் பொடி அடைத்த குப்பியிலும் (கேப்ஸ்யூல்) முழுசாக வரும். இணையத்தில் ‘இயற்கை ஆன்டிபயாட்டிக்’ என்று விற்பது பெரும்பாலும் இந்த இரண்டு வடிவம்தான்.

பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சள் நிற லைக்கனை எங்கே கண்டாலும் வாயில் வைக்காதீர்கள். அதில் வல்பினிக் அமிலம் இருக்கலாம். ஐரோப்பாவில் ஓநாய்க்கு வைக்கும் இறைச்சியில் அதைக் கலந்து கொன்றிருக்கிறார்கள்.

காற்றிலிருந்து வந்தது

வேரில்லாமல் காற்றைத் தின்று வளர்வதால் காற்றில் உள்ளதெல்லாம் லைக்கனில் சேரும். பாரிஸின் லக்சம்பர்க் தோட்டத்தில் லைக்கன் நிலையைப் பார்த்தே நகரக் காற்றின் தரத்தைச் சொல்லலாம் என்று லைக்கன் ஆய்வாளர் நைலாண்டர் 1866-ல் எழுதினார். இன்றும் இந்திய நகரங்களில் ஈயம், குரோமியம் அளவிட லைக்கனைப் பயன்படுத்துகிறார்கள். 1986-ல் செர்னோபில் விபத்துக்குப் பிறகு ஸ்காண்டிநேவியாவில் கதிரியக்க சீசியம் லைக்கனில் தங்கி, அதைத் தின்ற கலைமான்களில் ஏறி, அங்கே ‘சாமி’ என்னும் பழங்குடி மக்கள் வளர்த்த கலைமான்களின் இறைச்சியை அழிக்க வேண்டி வந்தது. மலைப்பாதை ஓரத்து மரத்தில் உரித்த கல்பாசிக்கும் அந்த இயல்பு உண்டு. அலசினால் மேலே படிந்த தூசி போகும். உள்ளே ஏறிய ஈயம் போகாது, வறுத்தாலும் போகாது. கால் கிராமில் இது கவலைப்படும் அளவு இல்லை. நாளுக்கு ஆறு கிராம் என்றால் மாதம் 180 கிராம் லைக்கன். அப்போது கவலைப்பட வேண்டும், அதுவும் கர்ப்பிணிகளும் குழந்தைகளும். வாங்கும்போது எந்த மலைச் சரக்கு என்று கேளுங்கள். மொத்தமாக வாங்கி மருந்து செய்பவர்கள் கன உலோகச் சோதனை அறிக்கை கேட்பது அதிகப்பிரசங்கம் இல்லை.

கல்லீரல் நோய் உள்ளவர்கள், சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்கள், கல்லீரலைப் பாதிக்கக்கூடிய மாத்திரைகள் எடுப்பவர்கள் (காசநோய் மாத்திரைகள், வலிப்பு மாத்திரைகள், தினமும் பாரசிட்டமால்), மது அருந்துபவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், சிறு குழந்தைகள்: குழம்பில் தாராளமாகச் சாப்பிடலாம். பொடி, குப்பி, டிங்சர் எதுவும் வேண்டாம். மற்றவர்களும் பொடியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது காரணமில்லாத அசதி, குமட்டல், வலது விலாவுக்குக் கீழே பாரம், உடம்பெல்லாம் அரிப்பு, தேநீர் நிறச் சிறுநீர், கண்ணில் மஞ்சள் இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே நிறுத்தி, கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை எடுங்கள். கண் மஞ்சளான பிறகு கீழாநெல்லிக்கு ஓடி நாளைக் கடத்த வேண்டாம். மருத்துவரிடம் போகும்போது மிச்சமுள்ள பொட்டலத்தையும் எடுத்துச் செல்லுங்கள். ‘ஏதோ நாட்டு மருந்து’ என்று மட்டும் சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது. எத்தனை நாள், எத்தனை தேக்கரண்டி, பொடியா கஷாயமா என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பொட்டலத்தோடு செருகிவிடுங்கள்.